‘அட்டெஸ்ட்’ செய்து அனுப்பச் சொன்னால்: முத்திரைக்கு ஓடும் முன் பார்க்க வேண்டியவை

இங்கிலாந்தில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்து, சான்றிதழ் நகல்களை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தபோது, ஒரு பிற்பகலில் முடிகிற வேலை என்றுதான் நினைத்தேன். ஏழு வாரம் ஆயிற்று. மூன்று முறை கூரியர் அனுப்பினேன், ஒவ்வொரு முறையும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டினேன்.

முதல் உறையில் இருந்த நகல்கள் அனைத்திலும் நானே கையெழுத்திட்டிருந்தேன். ‘ஐ ஹேவ் அட்டெஸ்டெட் ஆல் த டாக்குமென்ட்ஸ்’ என்று ஒரு மின்னஞ்சலும் எழுதினேன். விண்ணப்பதாரர் தம் ஆவணங்களுக்குத் தாமே சான்று சொல்ல இயலாது, தொடர்பில்லாத ஒருவரிடம் செய்து அனுப்புங்கள் என்று மிகப் பணிவாகப் பதில் வந்தது. இரண்டாவது உறைக்காகத் தெரிந்த கெசட்டட் ஆபீசர் ஒருவரைப் பிடித்து, பச்சை மையில் கையெழுத்தும் வட்ட முத்திரையும் வாங்கினேன். கையெழுத்திட்டவர் யார், அவர் அசலைப் பார்த்தாரா என்பது தெரியவில்லை என்று அதையும் ஏற்க மறுத்தார்கள். மூன்றாவது உறைதான் தேறியது.

இந்த மூன்று உறைகளுக்கும் இடையில் என் சான்றிதழ்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நான் தடுக்கி விழுந்தது ‘அட்டெஸ்ட்’ என்ற ஒரே வினைச்சொல்லில். நம் ஊரில் அந்தச் சொல் நான்கைந்து ஆங்கில வினைச்சொற்களின் வேலையைச் சேர்த்துச் செய்கிறது. வெளியே போனால் அந்த வேலைகள் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் வேறு ஆள், வேறு வாசகம், வேறு கட்டணம். எனவே கடிதம் கைக்கு வந்தவுடன் ஜெராக்ஸ் கடைக்கு ஓடாமல், கீழே உள்ள வரிசையில் செல்லுங்கள்.

1. யார், எதற்குச் சாட்சி என்று கேளுங்கள்

‘அட்டெஸ்ட்’ என்றால், தான் நேரில் அறிந்த ஒன்று உண்மை என்று ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்வது. அந்த வினையின் எழுவாயாக நிற்பவர் எப்போதும் சாட்சிதான். தமிழக அரசுப் படிவங்களில் இதற்குச் ‘சான்றொப்பம்’ என்ற அழகான சொல் இருக்கிறது. ஆனால் நாம் பேசும்போது அதை விட்டுவிட்டு ‘அட்டெஸ்ட் வாங்கிட்டு வா’ என்கிறோம்.

‘நான் அட்டெஸ்ட் பண்ணிட்டேன்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதியதுதான் என் முதல் பிழை. தமிழில் ‘வீடு கட்டினேன்’ என்பவர் கொத்தனார் இல்லை. ‘முடி வெட்டிக்கொண்டு வந்தேன்’, ‘தீபாவளிக்குச் சட்டை தைத்தேன்’ என்று சொன்னால் செய்தவர் வேறொருவர் என்பது கேட்பவருக்குத் தானாகவே விளங்கும். ஆங்கிலத்தில் ‘ஐ அட்டெஸ்டெட்’ என்று எழுதினால் சாட்சி சொன்னவன் நான் என்றுதான் பொருள். என் பல்கலைக்கழகத்து அலுவலர் நான் எழுதியதைச் சரியாகவே படித்தார். ‘ஐ காட் தெம் அட்டெஸ்டெட்’ அல்லது ‘ஐ ஹேட் தெம் அட்டெஸ்டெட் பை எ நோட்டரி’ என்று எழுதியிருக்க வேண்டும்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சாட்சி சொல்ல வேண்டியது இந்த நான்கில் எதைப் பற்றி என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த நகல் அசலைப் போலவே இருக்கிறது என்பதா, இந்தக் கையெழுத்தை இன்னார் என் கண்முன் இட்டார் என்பதா, இந்தச் சான்றிதழில் உள்ள முத்திரை உண்மையிலேயே அந்த அலுவலகத்தினுடையது என்பதா, அல்லது படிவத்தில் நான் நிரப்பிய விவரம் உண்மை என்பதா? இது தெளிந்துவிட்டால் போக வேண்டிய இடமும் தெளிந்துவிடும்.

2. கடிதத்தில் உள்ள வினைச்சொல்லை அடிக்கோடிடுங்கள்

பெரும்பாலான வெளிநாட்டுக் கடிதங்களில் ‘அட்டெஸ்ட்’ என்ற சொல்லே இருக்காது. நாம்தான் படிக்கும்போதே அப்படி மொழிபெயர்த்துக்கொள்கிறோம்.

‘சர்டிஃபைட் காப்பி’ அல்லது ‘சர்டிஃபைட் ட்ரூ காப்பி’ என்று இருந்தால் மேலே சொன்னதில் முதல் வகை: அசலையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்த்த ஒருவரின் எழுத்துமூல உறுதி. ‘நோட்டரைஸ்டு’ என்று இருந்தால் அதை நோட்டரி பப்ளிக் மட்டுமே செய்யலாம். மற்றவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் அது செல்லாது. ‘லீகலைஸ்டு’ அல்லது ‘அப்போஸ்டில்’ என்றால் மூன்றாவது வகை, முத்திரைக்கு மேல் முத்திரை: சான்றிதழில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று அரசு தரும் உறுதி. ‘விட்னஸ்டு’ என்றால் உங்கள் கையெழுத்தை ஒருவர் நேரில் பார்க்க வேண்டும்.

‘வெரிஃபை’ என்ற சொல்லைக் கண்டால் பெரும்பாலும் நீங்கள் முத்திரை எதுவும் வாங்க வேண்டியிருக்காது. அவர்களே உங்கள் பல்கலைக்கழகத்தை நேரடியாகத் தொடர்புகொண்டு சரிபார்ப்பார்கள். அப்படியானால் உங்கள் வேலை, பழைய கல்லூரியின் தேர்வுப் பிரிவுக்கு முன்கூட்டியே ஒரு தகவல் கொடுத்து வைப்பதுதான். மின்னஞ்சல் வந்து மாதக்கணக்கில் யாரும் திறக்காமல் கிடப்பது நம் ஊரில் புதிதா என்ன?

சொல் எதுவும் தெளிவாக இல்லையென்றால் கேட்டுவிடுங்கள். யார் கையெழுத்திட வேண்டும், என்ன வாசகம் வேண்டும், தாள் நகல் வேண்டுமா அல்லது ஸ்கேன் போதுமா என்ற மூன்று கேள்விகள் அடங்கிய ஒரு மின்னஞ்சல் போதும். நான் அதை மூன்றாவது உறைக்கு முன்புதான் எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்தது.

3. இந்தியாவுக்குள் என்றால் வேலை எளிது, செலவும் இல்லை

இங்குள்ள கல்லூரிகளும் வேலைவாய்ப்பு விண்ணப்பங்களும் வங்கிகளும் இப்போது பெரும்பாலும் ‘செல்ஃப் அட்டெஸ்டெட்’ நகல்களையே கேட்கின்றன. நகலின் வெற்றிடத்தில் ‘ட்ரூ காப்பி’ அல்லது ‘மெய்நகல்’ என்று எழுதி, கையெழுத்து, பெயர், தேதி ஆகியவற்றை இடுங்கள். அடையாள அட்டையின் நகல் என்றால், எந்த வேலைக்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் குறுக்கே எழுதிவிடுங்கள். ஜெராக்ஸ் காசைத் தவிர வேறு செலவில்லை. அசலைச் சரிபார்க்கும் நாளில் காட்ட வேண்டியிருக்கும், அதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

கவனியுங்கள்: ‘செல்ஃப் அட்டெஸ்டெட்’ என்பது நம் நாட்டு அலுவலக ஆங்கிலம். தனக்குத்தானே சாட்சி என்கிற இந்தச் சேர்க்கை இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒரு நகலின் மேல் இருந்தால் பார்ப்பவருக்குப் புதிராகவே இருக்கும். என் முதல் உறை திரும்பியது இதனால்தான்.

கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கும் ஒரு சொல். அதற்கான இணைப்புப் படிவங்களை வெள்ளைத் தாளில் சுய உறுதிமொழியாகக் கொடுத்தால் போதும், நோட்டரியோ மாஜிஸ்திரேட்டோ கையெழுத்திட வேண்டியதில்லை என்று 2016 டிசம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் அறிவித்துவிட்டது. ஆனாலும் சேவை மைய வாசலில் ‘நோட்டரி அட்டெஸ்ட் வேணும் சார்’ என்று கூப்பிடுகிறவர்களை இப்போதும் காணலாம். காசு கொடுக்காதீர்கள்.

இலங்கையில் இருந்து படிப்பவர்களுக்கு: அங்கே நகலை உறுதிப்படுத்தச் சமாதான நீதவானை நாடும் வழக்கம் இருக்கிறது. வெளிநாட்டுக்கான ஆவணங்களை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு உறுதிப்படுத்துகிறது. கொழும்பு தவிர யாழ்ப்பாணத்திலும் அதற்கு அலுவலகம் உண்டு.

4. ‘சர்டிஃபைட் காப்பி’ கேட்டால்: முத்திரையைவிட வாசகம் முக்கியம்

பிரிட்டன் அரசு தன் மக்களுக்குச் சொல்லியிருக்கும் வழிமுறை மிக எளிது. அசலையும் நகலையும் ஒருசேர எடுத்துக்கொண்டு சமூகத்தில் பொறுப்பான தொழிலில் உள்ள ஒருவரிடம், அதாவது வங்கி அலுவலர், வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர், ஆசிரியர் போன்ற ஒருவரிடம் போக வேண்டும். அவர் இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு, ‘சர்டிஃபைடு டு பி எ ட்ரூ காப்பி ஆஃப் தி ஒரிஜினல் சீன் பை மீ’ என்று நகலில் எழுதி, கையெழுத்தும் தேதியும் இட்டு, கையெழுத்துக்குக் கீழே தம் பெயரை அச்செழுத்தில் எழுதி, தொழில், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். அவர் உங்கள் உறவினராகவோ, ஒரே வீட்டில் வசிப்பவராகவோ இருக்கக் கூடாது.

இப்போது என் இரண்டாவது உறையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பச்சை மையில் ‘அட்டெஸ்டெட்’ என்ற ஒற்றைச் சொல், அதன் கீழ் யாராலும் படிக்க முடியாத ஒரு கிறுக்கல், பாதி மட்டும் பதிந்த முத்திரை. அசலைப் பார்த்தேன் என்ற வாக்கியம் இல்லை, பெயர் இல்லை, தொலைபேசி எண் இல்லை. பச்சை மைக்கு நம் அலுவலகங்களில் இருக்கும் மரியாதை லீட்ஸிலோ லண்டனிலோ ஒருவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றாவது முறை நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். மேற்கண்ட ஆங்கில வாக்கியத்தை ஒரு தாளில் தட்டச்சு செய்து, கீழே பெயர், பதிவு எண், முகவரி, தொலைபேசி, தேதி ஆகியவற்றுக்குக் கோடிட்ட இடம் விட்டு, நீதிமன்றத்துக்கு எதிரே உட்காரும் நோட்டரி ஒருவரிடம் அசல்களுடன் போனேன். பழக்கப்படி ரப்பர் ஸ்டாம்பை எடுத்தவரிடம், “சார், இந்த வாசகத்தையும் நகல்லயே போட்டுத் தர முடியுமா?” என்று கேட்டேன். படித்துப் பார்த்துவிட்டு, “ஒரிஜினல் எங்க, காட்டுங்க” என்றார். ஆறு தாளையும் அசலோடு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், மதிப்பெண் பட்டியலின் வரிசை எண்களில் விரல் வைத்துச் சரிபார்த்தார், தம் பதிவேட்டில் எழுதிவிட்டு அதன் வரிசை எண்ணை ஒவ்வொரு நகலிலும் குறித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. ‘அட்டெஸ்ட்’ என்ற வினைச்சொல் நடப்பதை நான் நேரில் கண்டது அன்றுதான்.

நோட்டரி பெறும் கட்டணத்தை 1956ஆம் ஆண்டு நோட்டரி விதிகள் வரையறுக்கின்றன. அதை அவர் அலுவலகத்தின் உள்ளேயும் வெளியேயும் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதும் அந்த விதியிலேயே உண்டு. எழுதி வைத்திருப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்டு, பேசிவிட்டு, பிறகு தாளை நீட்டுங்கள். அசலைக் கேட்காமலே முத்திரை குத்தித் தருகிறவரிடம் போகாதீர்கள், அவர் கொடுப்பது பொய்ச் சாட்சி. முத்திரையும் கையெழுத்தும் இரண்டும் இருந்தால்தான் நோட்டரியின் செயல் சட்டப்படி நிறைவு பெறும் என்பதால், மை பாதி பதிந்திருந்தால் தயங்காமல் மறுபடியும் குத்தச் சொல்லுங்கள்.

தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றை அமெரிக்கக் குடிவரவுத் துறைக்கு அனுப்பும்போது ‘சர்டிஃபை’ செய்ய வேண்டியவர் மொழிபெயர்ப்பாளர்தான். மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, இந்த மொழிபெயர்ப்பைச் செய்யும் தகுதி எனக்கு உண்டு என்று அவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த விதி நோட்டரியைக் கேட்கவில்லை.

5. அப்போஸ்டிலா, தூதரக முத்திரையா: நாட்டைப் பார்த்து முடிவெடுங்கள்

பணமும் நாட்களும் அதிகம் கரைகிற இடம் இது. என் தம்பிக்குத் துபாயில் வேலை கிடைத்தபோது இதில் இறங்கினேன்.

வெளிநாட்டு அலுவலருக்கு உங்கள் பல்கலைக்கழகப் பதிவாளரின் கையெழுத்து தெரியாது. எனவே பதிவாளரை மாநில அரசு உறுதிசெய்கிறது, மாநில அரசின் அலுவலரை டெல்லியின் வெளியுறவு அமைச்சகம் உறுதிசெய்கிறது. இது ஒரு சங்கிலி, வரிசை மாறினால் அறுந்துவிடும். கல்விச் சான்றிதழ் என்றால் மாநிலத்தின் கல்வித் துறை வழியாகவும், பிறப்பு, திருமணம் போன்ற தனிப்பட்ட ஆவணங்கள் என்றால் உள்துறை அல்லது பொதுத் துறை வழியாகவும் முதல் கண்ணி அமையும். முகவர்கள் இதையே ‘எச்ஆர்டி (மனிதவள மேம்பாடு) அட்டெஸ்டேஷன்’, ‘ஸ்டேட் அட்டெஸ்டேஷன்’ என்பார்கள்.

அடுத்த கண்ணி நீங்கள் போகும் நாட்டைப் பொறுத்தது. ஒரு நாட்டின் அப்போஸ்டிலை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்பதற்கான அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005 ஜூலை முதல் இருக்கிறது. மறுபக்க நாடும் அதில் இருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கரோடு வேலை முடிந்தது, அதன் பிறகு அந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை. சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும், கனடா 2024 ஜனவரியிலும் இதில் வந்து சேர்ந்தன. இந்த நாடுகளுக்கு ‘தூதரக அட்டெஸ்டேஷன் கட்டாயம்’ என்று பழைய விலைப்பட்டியலை நீட்டுகிற முகவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓமனும் பஹ்ரைனும் ஏற்கெனவே உடன்படிக்கையில் உள்ளவை.

ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை இதில் இல்லாத நாடுகள். அங்கே போவதானால் மாநிலம், வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம் என மூன்று படி இங்கே முடித்து, அங்கே இறங்கிய பின் அவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையையும் வாங்க வேண்டும். பட்டம் பெற்றவர் பலர் நான்காவது படியை மறந்து, விசா வேலை நடக்கும் நேரத்தில் அலைகிறார்கள்.

ஜெர்மனி தனிக்கதை. இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்ததற்கு அந்நாடு எதிர்ப்புத் தெரிவித்ததால், நம் அப்போஸ்டிலை அங்கே ஏற்காத நிலை இருந்துவருகிறது. ஜெர்மனி உடன்படிக்கை நாடுதானே என்று நம்பி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போனவர்களை நான் அறிவேன். ஜெர்மன் தூதரகப் பக்கத்தைப் படித்துவிட்டே முதல் ரூபாயைச் செலவழியுங்கள்.

செலவைப் பார்ப்போம். வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் கட்டணம் ஆவணம் ஒன்றுக்கு 50 ரூபாய்தான். சாதாரண அட்டெஸ்டேஷனுக்கு அமைச்சகம் கட்டணமே வாங்குவதில்லை. ஆவணங்களை அமைச்சகம் நேரடியாக வாங்காமல் அங்கீகரிக்கப்பட்ட சேவை நிறுவனங்கள் வழியாக வாங்குவதால், அவர்களுக்கு ஒரு சேவைக் கட்டணம் உண்டு. அதுவும் சிறு தொகை, அமைச்சகத் தளத்தில் பட்டியலோடு இருக்கிறது. அப்படியிருக்க, தம்பியிடம் ஒரு முகவர் கேட்டது ஒரு சான்றிதழுக்குப் பதினான்காயிரம். அதில் தூதரகக் கட்டணம் எவ்வளவு, மாநில அளவில் அலைச்சலுக்கு எவ்வளவு, அவர் லாபம் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொன்னேன். ஒன்பதாயிரத்துக்கு இறங்கினார். வேறு ஊரில் இருப்பவர்கள் முகவரை வைப்பதில் தவறில்லை, பிரித்து எழுதித் தராதவரை வைப்பதுதான் தவறு.

நாட்கள் பெரும்பாலும் மாநில அளவில்தான் போகும், ஏனென்றால் சான்றிதழ் உண்மையா என்று பல்கலைக்கழகத்திடம் கேட்டுப் பதில் வர வேண்டும். தம்பியின் பட்டத்துக்கு அது மூன்று வாரம் பிடித்தது, டெல்லி வேலை நான்கு நாளில் முடிந்தது. வேலையில் சேரும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். ஸ்டிக்கரும் முத்திரைகளும் அசலின் பின்புறத்தில் விழுவதால், லேமினேட் செய்த சான்றிதழ் பெரும் தொல்லை. பாசத்தோடு பிளாஸ்டிக் உறை போட்டுவைத்த தாய் தந்தையரைக் குறை சொல்லிப் பயனில்லை, லேமினேஷனைப் பிரிக்கும்போது எழுத்தும் சேர்ந்து உரிந்துவிட்டால் சான்றிதழின் இரண்டாம் பிரதி வாங்க வேண்டியதுதான். மற்றொன்று, அப்போஸ்டில் உறுதிசெய்வது கையெழுத்தையும், கையெழுத்திட்டவரின் பதவியையும், முத்திரையையும் மட்டும். உள்ளே உள்ள விவரம் சரி என்று அது சொல்வதில்லை. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்தால், ஸ்டிக்கர் ஒட்டிய பிறகும் அது தவறாகவே இருக்கும். திருத்த வேண்டியதை முதலில் திருத்துங்கள்.

6. உங்களையே ‘அட்டெஸ்ட்’ செய்யச் சொல்லும் இடங்கள்

இதுவரை அட்டெஸ்ட் செய்யக் கூடாது என்று சொல்லி வந்த நானே, இனி செய்யுங்கள் என்று சொல்லப்போகிறேன். அமெரிக்காவில் வேலையில் சேரும் எவரும் நிரப்ப வேண்டிய ஐ-9 படிவத்தில், ‘ஐ அட்டெஸ்ட், அண்டர் பெனல்டி ஆஃப் பெர்ஜுரி’ என்ற தொடர் வரும். குடிமகனா, நிரந்தர வசிப்புரிமை பெற்றவரா, வேலை செய்ய அனுமதி பெற்றவரா என்ற உங்கள் நிலைக்கு நீங்களே சாட்சி, பொய் என்றால் பொய்ச்சாட்சிக்கான தண்டனை என்று பொருள். இங்கே முத்திரையும் இல்லை, நோட்டரியும் இல்லை, கட்டணமும் இல்லை. கையெழுத்துதான் எல்லாம்.

முதல் பகுதியை வேலையின் முதல் நாளுக்குள் நீங்கள் முடிக்க வேண்டும். அதன்பின் மூன்று வேலை நாட்களுக்குள் நிறுவனம் உங்கள் ஆவணங்களைப் பார்த்து இரண்டாம் பகுதியை நிரப்பி, தானும் ஒரு முறை ‘அட்டெஸ்ட்’ செய்யும். ஊரிலிருந்து நோட்டரி முத்திரையிட்ட கடவுச்சீட்டு நகலைக் கொண்டுபோய் நீட்டினால் பயன்படாது, அசலைக் காட்ட வேண்டும். எச்-1பி என்ற வேலை விசாவில் போனவர் கடவுச்சீட்டையும், நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவையும் எடுத்துச் செல்லட்டும். எந்தக் கட்டத்தில் டிக் செய்கிறோம் என்பதை அவசரமின்றிப் படியுங்கள். குடிமகன் என்ற கட்டத்தில் கைதவறி டிக் போட்டுக் கையெழுத்திட்டால் பிற்காலக் குடிவரவு விண்ணப்பங்களில் அது பெரும் வில்லங்கமாக வந்து நிற்கும்.

கனடாவுக்குப் படிக்கப் போகிறவர்களைக் குழப்புவது ‘ப்ராவின்ஷியல் அட்டெஸ்டேஷன் லெட்டர்’, சுருக்கமாகப் பிஏஎல். 2024 ஜனவரியில் இது நடைமுறைக்கு வந்தபோது, மதிப்பெண் பட்டியலை எங்கே அட்டெஸ்ட் செய்வது என்று கேட்டவர்கள் பலர். இது உங்கள் சான்றிதழ்களைப் பற்றியதே இல்லை. மாணவர் எண்ணிக்கைக்கு விதித்த உச்சவரம்பில் இவருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்று அந்த மாகாணம் கூறும் சாட்சி அது. கல்லூரி வழியாகத்தான் வரும், நீங்கள் எங்கும் ஓட வேண்டாம். யாருக்கு விலக்கு என்பது அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசுத் தளத்தைப் பாருங்கள்.

7. உயில், தானம், பவர்: இங்கே சொல் சட்டமாகிறது

சொத்துப் பத்திரங்களில் ‘அட்டெஸ்ட்’ என்பதற்குச் சட்டம் கொடுத்த பொருள் உண்டு. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் தேவை. எழுதியவர் கையெழுத்திடுவதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது இது என் கையெழுத்துதான் என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அதோடு அவர் முன்னிலையில் தாமும் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. தானப் பத்திரத்துக்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். உயிலுக்கு முத்திரைத் தீர்வை இல்லை, பதிவும் விருப்பம்தான்.

நோட்டரி முத்திரை இருந்துவிட்டால் சாட்சி வேண்டாம் என்று நினைப்பதுதான் இங்கே உள்ள பொறி. அந்த இரண்டு கையெழுத்து இல்லாத உயிலை எந்த முத்திரையும் காப்பாற்றாது. சொத்து பெறப்போகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள், எழுதியவரைவிட வயதில் குறைந்தவர்களைப் போடுங்கள். நாளை நீதிமன்றத்தில் வந்து பேச வேண்டியவர்கள் அவர்கள்தான்.

வெளிநாட்டில் இருந்து ஊரில் உள்ள அண்ணனுக்கோ அத்தைக்கோ பவர் கொடுப்பவர்கள், இந்தியத் தூதரக அலுவலர் முன்போ அந்நாட்டு நோட்டரி முன்போ கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு, மடித்து, முத்திரைக்கு மட்டும் கொண்டுபோகக் கூடாது. அவர் சாட்சி சொல்லப்போவது நீங்கள் கையெழுத்திட்ட செயலுக்கு. அது அவர் கண்முன் நடக்காவிட்டால் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை, திருப்பி அனுப்பிவிடுவார். கடவுச்சீட்டின் அசலும் நகலும், தூதரகம் கேட்டால் இரண்டு சாட்சிகளும் அவர்கள் அடையாள அட்டைகளும் உடன் இருக்கட்டும். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். வந்த உறையைத் தேதி முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள், வந்த நாளுக்கு அதுதான் ஆதாரம்.

8. கடைசியாக, மின்னஞ்சலில் எழுதும்போது

‘அட்டெஸ்டெட் ஃப்ரம் எ நோட்டரி’ என்று எழுதாதீர்கள். நோட்டரியிடமிருந்து வாங்கினோம் என்கிற தமிழ் அங்கே எட்டிப் பார்க்கிறது, ‘பை எ நோட்டரி’ என்பதே வழக்கு. ‘அட்டெஸ்ட்’ வினை என்பதால் ‘ஐ காட் தி அட்டெஸ்ட்’ என்பதும் பிழை, பெயர்ச்சொல் வேண்டுமானால் ‘அட்டெஸ்டேஷன்’. கையெழுத்து, உயில் போன்றவற்றை நேரடியாக ‘அட்டெஸ்ட்’ செய்யலாம். ஒருவரின் திறமைக்கோ நேர்மைக்கோ சாட்சி சொல்லும்போது ‘டு’ சேரும்: ‘ஐ கேன் அட்டெஸ்ட் டு ஹெர் ஹானஸ்டி’. பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர்கள் இந்த ‘டு’வை விட்டுவிடுவதை நிறையப் பார்க்கிறேன். ‘தட்’ போட்டு முழு வாக்கியத்தையும் தொடரலாம்.

அவசரத்தில் ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டெஸ்டெட்’ என்று எழுதி, ‘அட்டாச்டு’ என்ற சொல்லின் இடத்தில் இதை உட்கார வைப்பவர்களும் உண்டு. கைப்பேசியின் தானியங்கித் திருத்தம் இதில் உதவாது, இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள்.

என் மூன்றாவது உறையோடு போன மின்னஞ்சலில் இரண்டே வாக்கியம்: ‘ஐ அட்டாச் ஸ்கேன்ஸ் ஆஃப் சிக்ஸ் காப்பீஸ், சர்டிஃபைட் பை எ நோட்டரி ஹூ ஹேஸ் சீன் தி ஒரிஜினல்ஸ். தி பேப்பர் காப்பீஸ் வேர் சென்ட் பை கூரியர் டுடே.’ மறுநாள் மாலை, ஸ்கேன்களைப் பார்த்தோம், வாசகம் சரியாக இருக்கிறது, தாள்கள் வந்தவுடன் கோப்பில் சேர்க்கிறோம் என்று பதில் வந்தது.